தேசிய அணிக்குப் புது கோச்: பேரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

சின்னத்துறை ஸ்டாப்பர் கேட்டது:

வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க ஊர் படிப்பகத்துல ஒரு கலந்துரையாடல் வச்சிருக்கோம். இந்திய கால்பந்து அணிக்கு அடுத்த கோச்சை எப்படித் தேர்ந்தெடுக்கணும்ங்கிறதுதான் தலைப்பு. பக்கத்து ஊர் கிளப் பிள்ளைகளும் வருவாங்க. இந்தப் பேச்சை எடுத்தாலே ரெண்டு இடத்துல போய் முட்டி நின்னுடும்: வெளிநாட்டுக்காரரா நம்மாளா, பெரிய பேரா சின்னப் பேரா. அதைத் தாண்டி நகராது.

தேர்வுக் குழுவுல உக்கார்ந்தா முதல்ல எதைப் பார்க்கணும், பிறகு எதை? கிளப்புக்கு கோச் எடுக்கிறதுக்கும் நாட்டுக்கு எடுக்கிறதுக்கும் எங்க வித்தியாசம்? விண்ணப்பம், நேர்காணல், ஒப்பந்தம், இந்த மூணுல எங்க சறுக்குது? விவரம் தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லணும். கணக்கோட சொன்னா ரொம்ப உதவி, பிள்ளைகள் கணக்கு கேப்பாங்க.


கோட்டாறு லெஃப்ட் பேக்:

தம்பி, முதல்ல நாளை எண்ணுங்க. மத்த எல்லாமே அதுல இருந்துதான் வருது.

நாட்டு அணிக்கு ஆட கிளப் தன் ஆட்களை விட்டே ஆகணும்ங்கிற நாள்களுக்குத்தான் ஃபிஃபா விண்டோன்னு பேர். ஒரு விண்டோவுக்கு 9 நாள். திங்கக்கிழமை தொடங்கி அடுத்த வாரம் செவ்வாய் ராத்திரி முடியும், அதுக்குள்ள 2 ஆட்டம். மார்ச், ஜூன், செப்டம்பர், அக்டோபர், நவம்பர்னு வருஷத்துக்கு 5 விண்டோ இருந்துச்சு, மொத்தம் 45 நாள். 2026 முதல் செப்டம்பரையும் அக்டோபரையும் ஒண்ணாக்கி 16 நாள், 4 ஆட்டம்னு மாத்திட்டாங்க. 9, 9, 16, 9, கூட்டினா 43 நாள். இதுக்கு வெளியில கிளப் தன் ஆட்களை அனுப்பணும்னு கட்டாயம் கிடையாது.

இனி ஒரு 9 நாளைப் பிரிச்சுப் பாருங்க. ஞாயித்துக்கிழமை கிளப்புக்கு 90 நிமிஷம் ஆடினவன் திங்கக்கிழமை சாயங்காலம் முகாமுக்கு வந்து சேருவான். அன்னைக்கு அவனை ஓட விட முடியாது. காலைத் தளர்த்தி விட்டு மீட்டிங் வைக்கலாம், அவ்வளவுதான். செவ்வாய் ஒரு முழுப் பயிற்சி. வியாழன் ஆட்டம்னா புதன் ஆட்டத்துக்கு முந்தின நாள். 45 நிமிஷம், ஒரு மணி நேரத்துக்கு மேல போனா மறுநாள் கால் கனக்கும். வெள்ளி ஓய்வு, சனி பயணம், ஞாயிறு இன்னொரு முழுப் பயிற்சி, திங்கள் லேசா, செவ்வாய் ரெண்டாவது ஆட்டம். ஆக, ஒரு விண்டோவுக்கு ரெண்டே ரெண்டு முழுப் பயிற்சி. வருஷத்துக்கு ஏறக்குறைய 10. கிளப் கோச்சுக்கு இது ரெண்டு மூணு வாரத்துல கிடைச்சிடும்.

நம்ம கரையில இது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதிதான். டோர்னமெண்ட் வச்சா பாதிப் பேர் பல நாள் கடல்லயே தங்கி மீன் பிடிக்கிற தங்கு கடல் போய் முந்தின நாள்தான் கரையேறுவான். ரெண்டு பேர் கேரளாவுல பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுற செவன்ஸ் ஆடிட்டு பஸ்ல வந்து இறங்குவான். அந்த நேரத்துல ஆட்டம் சொல்லிக் கொடுக்க முடியாது. எவனை எங்க நிறுத்தணும், எவனை வெளியில உக்கார வைக்கணும், கார்னருக்கு எவன் யாரைப் பிடிக்கணும், அதைத்தான் சொல்ல முடியும். தேசிய கோச் வேலையும் அதேதான், அளவு பெருசு. கிளப்ல ஒருத்தனை வளர்க்கத் தெரிஞ்சவர் இங்க தோத்துப் போறது இதனாலதான். ஆள் தேர்வும், நாலு விஷயத்தை ரெண்டு பயிற்சியில மண்டையில ஏத்துற திறமையும் வேணும்.

நேர்காணல்ல நான் சொல்ற ஒரு கேள்வியைக் குறிச்சு வச்சுக்கிடுங்க: "அந்தச் செவ்வாய்க்கிழமை 90 நிமிஷத்தை எப்படிப் பிரிப்பீங்க?" 15 நிமிஷம் உடம்பைச் சூடாக்க, 25 நிமிஷம் பால் நம்மகிட்ட இல்லாதப்போ எப்படி நிக்கணும்னு, 25 நிமிஷம் பால் பறிச்சதும் முதல் மூணு பாஸ், 15 நிமிஷம் கார்னரும் ஃப்ரீ கிக்கும், மீதி 10 சொன்னதை ஆட விட்டுப் பார்க்க. இப்படி யாராவது சொன்னா அவருக்கு வேலை தெரியும். கீப்பர்ல இருந்து பாஸ் கட்டி ஆடுற புது முறையை முதல் விண்டோவிலேயே பழக்குவேன்னு சொல்றவருக்கு நாள் கணக்கு தெரியலைன்னு அர்த்தம்.


குளச்சல் ஆஃப்சைடு:

மேல சொன்னது சரி. நான் விண்ணப்பத்தைப் பத்திச் சொல்றேன், அங்கதான் பாதிக் குழப்பம்.

2024-ல இந்திய அணிக்கு வந்த விண்ணப்பம் 291. 2025-ல 170. இவ்வளவையும் உக்கார்ந்து படிக்க முடியாது, சலிக்கணும். முதல் சல்லடை லைசென்ஸ்: ஆசியாவோட ஏஎஃப்சி ப்ரோ, ஐரோப்பாவோட யுஇஎஃப்ஏ ப்ரோ மாதிரி மேல்மட்ட டிப்ளோமா இருக்கா. ரெண்டாவது, வந்தது அவரேதானா! 2025-ல உலகப் பேர் பெற்ற கோச்சுகளான குவார்டியோலா, ஷாவி பேர்ல மெயில் வந்துச்சு, செய்தி ஊரெல்லாம் பரவுச்சு, கடைசியில ரெண்டுமே உண்மையில்லைன்னு இந்திய கால்பந்து ஃபெடரேஷனே அறிவிக்க வேண்டியதாப் போச்சு. ஏஜெண்ட் அனுப்பினா கோச் கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதம் இருக்கணும். லைசென்ஸ் கொடுத்த சங்கத்துக்கு நேரா எழுதி உறுதி பண்ணணும். வீடியோவில 5 நிமிஷம் முகம் பார்த்துப் பேசணும். இது மூணும் முடியாம ஒரு பேரும் வெளிய போகக் கூடாது. பேர் வெளிய போயிட்டா பிறகு ஊர் வாயை மூட முடியாது, அடுத்து வர்ற நிஜமான கோச்சுக்கும் அது பாரம்.

மூணாவது சல்லடைதான் முக்கியம்: சாதனைப் பட்டியலை எப்படிப் படிக்கிறது. நட்பு ஆட்டம் எல்லாத்தையும் வெட்டி எறிங்க. மிச்சமுள்ள கடைசி 20 போட்டி ஆட்டத்தை எடுத்து சொந்த மண், வெளி மண்ணுன்னு பிரிங்க. எதிராளி தன்னை விட பலமா இருந்த ஆட்டத்துக்கு அடியில கோடு போடுங்க. பிறகு ரெண்டு எண்ணிக்கை: செட் பீஸ்ல, அதாவது கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி நின்ன பால்ல, வாங்கின கோல் எத்தனை, 75-வது நிமிஷத்துக்குப் பிறகு வாங்கின கோல் எத்தனை. அந்த ஒரு பக்கம் 40 பக்க பிரசண்டேஷனை விட நிறைய சொல்லும்.

இப்படிப் பிரிக்காம விட்டா என்ன ஆகும்னு நம்ம கண் முன்னாடியே நடந்துச்சு. 2023-ல, அப்போ இந்திய கோச்சா இருந்த ஸ்டிமாக்கோட அணி மார்ச்ல இம்பால், ஜூன்ல புவனேஸ்வர், ஜூலைல பெங்களூர்ல தெற்காசிய நாடுகளோட சாஃப்னு மூணு கோப்பை எடுத்துச்சு. ஃபிஃபா ரேங்க் 99 வரை ஏறுச்சு. அக்டோபர்ல அவர் ஒப்பந்தத்தை 2026 ஜூன் வரை நீட்டினாங்க. ஆனா அந்த மூணு கோப்பையும் சொந்த மண்ணுல வந்தது, அதுல ரெண்டு நீண்ட முகாமுக்குப் பிறகு வந்தது. 2024 ஜனவரியில கத்தார்ல ஆசியக் கோப்பை: ஆஸ்திரேலியாகிட்ட 0-2, உஸ்பெகிஸ்தான்கிட்ட 0-3, சிரியாகிட்ட 0-1. ஒரு கோல் கூட இல்லை. மார்ச்ல குவஹாத்தியில ஆப்கானிஸ்தான்கிட்ட 1-2. ஜூன்ல பதவி போச்சு. கோப்பையை எண்ணினவங்க எங்க ஜெயிச்சது, எத்தனை நாள் முகாமுக்குப் பிறகு ஜெயிச்சதுன்னு எண்ணலை.

கடைசியா, 3 பேருக்கு போன் பண்ணணும். அவர் அணியில கேப்டனா இருந்த ஒருத்தர், அவர் பெஞ்சிலேயே உக்கார வச்ச ஒருத்தர், அந்த அணியோட டாக்டர் அல்லது ஃபிசியோ. பெஞ்சில இருந்தவர் "என்னை எடுக்கலை, ஆனா காரணம் சொன்னார்"னு சொன்னா அது பெரிய மதிப்பு. காயம்பட்டவனை ஆட வற்புறுத்துவாராங்கிறதை டாக்டர்தான் சொல்லுவார்.


சின்னத்துறை ஸ்டாப்பர்:

அண்ணன்மாரே, அந்தச் செவ்வாய்க்கிழமைக் கணக்கு ஒண்ணே ஒரு மணி நேரம் பேசப் போதும். ஆனா பிள்ளைகள் கண்டிப்பா வெளிநாடா உள்ளூரான்னு கேப்பாங்க. அதுக்கு நேரான பதில் என்ன?


முட்டம் கீப்பர்:

நேரான பதில்: பாஸ்போர்ட்டை ஏழாவதோ எட்டாவதோ பாருங்க. அதுக்கு முன்னாடி, நம்ம லீக்கை எத்தனை ஆட்டம் பார்த்திருக்கார், எங்க குடியிருக்கப் போறார், இந்த ரெண்டையும் கேளுங்க.

ஸ்கலோனி 2018-ல தற்காலிகமா அர்ஜென்டினாவை எடுத்தப்போ சீனியர் அணி எதுக்கும் தலைமை கோச்சா இருந்ததே இல்லை. பிறகு 2021 கோப்பா அமெரிக்கா, 2022 உலகக் கோப்பை, 2024 கோப்பா, மூணையும் ஜெயிச்சார். ஆனா அவர் அதுக்கு முன்னாடியே அந்த அணியோட துணைக் குழுவுல இருந்தவர், பிளேயர்களை உள்ளங்கை மாதிரி தெரியும். மொராக்கோவுல ரெக்ராகுயி 2022 ஆகஸ்ட் கடைசியில பொறுப்பெடுத்தார். உலகக் கோப்பைக்கு மூணு மாசம் கூட இல்லை, அரையிறுதி போனார். அவரும் அதே வருஷம் மொராக்கோ கிளப்பான வைடாட் அணியோட ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சு, அங்கத்திய ஆட்டக்காரங்களை நேர்ல பார்த்துட்டு வந்தவர். அவருக்கு முன்னாடி இருந்த ஹலீல்ஹோட்ஸிச் லேசுப்பட்டவர் இல்லை. ஐவரி கோஸ்ட் 2010, ஜப்பான் 2018, மொராக்கோ 2022, மூணையும் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற வச்சார். மூணுலயும் கோப்பை தொடங்குறதுக்கு முன்னாடியே வெளியேத்தப்பட்டார். மொராக்கோவுல முக்கிய பிளேயர் ஸியெக்கோட பேச்சு முறிஞ்சு அவரை வெளியில வச்சிருந்தார். ரெக்ராகுயி வந்ததும் திரும்பக் கூப்பிட்டார். பிளேயரோட சண்டை வந்தா எப்படித் தீர்ப்பாருங்கிறது தேர்வுல கேக்க வேண்டிய கேள்வி.

இனி தென்கொரியா. 2023 பிப்ரவரியில கிளின்ஸ்மன், பெரிய பேர். நாட்டுல தங்காம அதிக நாள் வெளியிலேயே இருக்கார்னு முதல்ல இருந்தே முணுமுணுப்பு. 2024 ஆசியக் கோப்பை அரையிறுதியில ஜோர்டான்கிட்ட 0-2, அந்த பிப்ரவரியிலேயே வேலை போச்சு. பிறகு ஜூலை வரை நிரந்தர கோச் இல்லை. மார்ச் விண்டோவுக்கு ஒரு தற்காலிகம், ஜூன் விண்டோவுக்கு வேற ஒரு தற்காலிகம். கடைசியில ஹாங் மியுங் போவை எடுத்தப்போ தேர்வு நடந்த முறையே சரியில்லைன்னு குழுவுல இருந்த முன்னாள் பிளேயரே வெளிய சொல்ல, அமைச்சகம் தணிக்கை வரை போச்சு. முதல்ல எடுத்தது வெளிநாட்டுக்காரரை, பிறகு எடுத்தது உள்ளூர்க்காரரை. ரெண்டுலயும் பிரச்சினை வந்த இடம் பாஸ்போர்ட் இல்லை.

நம்ம நாட்டுக்குன்னு தனிக் கேள்வி ஒண்ணு இருக்கு: "உங்க ஒன்பதாம் நம்பர் யாரு?" அதாவது, நடுவுல நின்னு கோல் அடிக்கிற ஃபார்வர்டு யாரு? நம்ம பெரிய லீக்கான ஐஎஸ்எல் கிளப்கள் அந்த நடு ஃபார்வர்டுக்கு பெரும்பாலும் வெளிநாட்டுக்காரரைத்தான் வைக்குது. நம்ம பையன் விங்ல ஓடுவான், இல்லைன்னா 70-வது நிமிஷத்துல இறங்குவான். நம்ம ஃபார்வர்டு சேத்ரி 2024 ஜூன்ல 94 கோலோட விடைபெற்றார், 2025 மார்ச்ல திரும்ப வர வேண்டியதாப் போச்சு. காரணம் இதுதான். வர்றவர் இதைத் தெரிஞ்சு, விங்ல ஆடுறவனை உள்ள இழுப்பாரா, ரெண்டு பேரை முன்னாடி போடுவாரா, இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்ல தேடுவாரான்னு பேரோட பதில் சொல்லணும். "பயிற்சியில உருவாக்குவேன்"னு சொன்னா, வருஷத்துக்கு அந்த 10 பயிற்சியை நினைச்சுக்கிடுங்க.

காலித் ஜமீலை 2025 ஆகஸ்ட்ல இந்திய கோச்சா எடுத்தப்போ, நம்ம லீக் பிளேயர்களைத் தெரிஞ்சதுதான் அவர் பலம். ஐஸாலோட 2016-17 ஐ-லீக் ஜெயிச்சவர், பிறகு ஐஎஸ்எல். சாவியோ மதேராவுக்குப் பிறகு 13 வருஷம் கழிச்சு இந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். ஆனா அவர் கைக்கு வந்தப்போ ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றுல 6 ஆட்டத்துல 2 முடிஞ்சு போச்சு, கையில 1 புள்ளி. அக்டோபர்ல சிங்கப்பூரோட அங்க 1-1, கோவாவுல 1-2, கதவு அடைஞ்சுடுச்சு. ஆளை விட மாத்தின நேரம்தான் அங்க பெரிய விஷயம். ஒரு சுற்று முடிஞ்ச மறு வாரம் மாத்துங்க. புதுசா வர்றவருக்கு, புள்ளி இல்லாத ஒரு விண்டோவாவது கிடைக்கணும்.


நித்திரவிளை நடுவர்:

ஒப்பந்தத்தைப் பத்தி யாரும் தொடலை. காசு போறது அங்கதான்.

ஸ்டிமாக் விஷயத்துல மிச்சம் ரெண்டு வருஷம் இருக்கும்போது வேலையை விட்டு அனுப்பினாங்க. விவகாரம் முற்றி, கடைசியில 4 லட்சம் டாலர் கொடுத்து முடிச்சாங்க. அவ்வளவு பணத்துல வயசுப் பிரிவு அணிகளுக்கு எத்தனை வெளிநாட்டு ஆட்டம் ஏற்பாடு பண்ணியிருக்கலாம்னு நினைச்சுப் பாருங்க, வயிறு எரியுது. ஆகவே ஒப்பந்தத்துல முதல்ல எழுத வேண்டியது, பிரியும்போது எத்தனை மாசச் சம்பளம்ங்கிறது. மூணு மாசமோ ஆறு மாசமோ, ஒரு எண்ணிக்கை இருக்கணும். நீட்டிக்கிறதை ஒரு கோப்பை முடிஞ்ச சந்தோஷத்துல பண்ணக் கூடாது. தகுதி பெற்றா தானா நீளும்னு முதல்லயே எழுதி வச்சா, நடுவுல யாருக்கும் பேச வேண்டிய தேவை இருக்காது.

அடுத்தது ஒரே வேலையா ரெண்டு வேலையாங்கிறது. ஸ்டிமாக்குக்குப் பிறகு மனோலோ மார்க்கேஸ் 2024 ஜூலையில இந்திய கோச்சா வந்து, அந்த சீசன் முழுக்க எஃப்சி கோவா கிளப்பையும் பார்த்துக்கிட்டார். நல்ல கோச், அதுல சந்தேகமே இல்லை. ஆனா விண்டோ இல்லாத நாள்லதான் தேசிய கோச் நாலு ஊர் சுத்தி ஆட்டம் பார்க்கணும். கிளப் வேலை இருந்தா அந்த நாளெல்லாம் அங்க போயிடும். 8 ஆட்டத்துல 1 ஜெயம், 2025 ஜூலையில பேசிப் பிரிஞ்சாங்க.

மூணாவது குடியிருப்பு. வருஷத்துல இத்தனை நாள் நாட்டுல இருக்கணும்னு எண்ணிக்கை எழுதணும். கூடவே ஃபெடரேஷன் தரப்புல இருந்து இத்தனை நாள் முகாம், விமானம், தங்கும் இடம்னு எழுதணும். கோச்சுக்கு மட்டும் நிபந்தனை போட்டுட்டு முகாம் நாளைக் குறைச்சா அவர் கேக்கிறது நியாயம். நாலாவது, துணை ஆட்கள். துணை கோச், கீப்பர் கோச், ஃபிட்னஸ் கோச், வீடியோ பார்க்கிறவர், நாலு பேரையும் அவரே கூட்டிட்டு வந்தா, அவர் போறப்போ நாலும் போயிடும், அவங்க லேப்டாப்ல இருக்கிற பிளேயர் விவரமும் போயிடும். ஒரு துணை கோச்சும் கீப்பர் கோச்சும் நம்மாளா இருக்கணும், தரவு முழுக்க ஃபெடரேஷன் கையில இருக்கணும்.

இன்னொண்ணு: வேற வேலைக்குப் பேசினா எத்தனை நாளுக்குள்ள சொல்லணும். 2018-ல ஸ்பெயின் கோச் லோபெதேகி ரியல் மாட்ரிட்டுக்குப் போறது வெளிய வந்து, உலகக் கோப்பையில ஸ்பெயினோட முதல் ஆட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி அனுப்பிட்டாங்க. ஹியர்ரோ அவசரமா பொறுப்பெடுத்தார். அது நம்ம நாட்டுல நடக்காதுன்னு நினைக்கக் கூடாது.

இதோட, இத்தனை ஆட்டம் தோத்தா நோட்டீஸ் கொடுக்கலாம்னும் எழுதலாம். அது ஃபெடரேஷனுக்குப் பாதுகாப்பு.


கோட்டாறு லெஃப்ட் பேக்:

கடைசி வரியை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன் அண்ணே. தோல்வி எண்ணிக்கையை எழுதினா, கோச் பலமான எதிராளியோட நட்பு ஆட்டம் கேக்கவே மாட்டார். பலமில்லாத அணியாத் தேடி ஆடுவார், ரேங்க் ஏறும், பிறகு ஆசியக் கோப்பையில மூணு ஆட்டத்துல எல்லாம் தெரிஞ்சிடும். தகுதிச் சுற்று முடிவை மட்டும் நிபந்தனையாக்குங்க. நட்பு ஆட்டத்துக்கு எதையும் கட்டாதீங்க.


நித்திரவிளை நடுவர்:

அது சரிதான் மக்கா. தகுதிச் சுற்றுன்னே வச்சுக்கிடலாம்.


குளச்சல் ஆஃப்சைடு:

ஸ்டாப்பர் தம்பி, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதுல என்னன்னு யாராவது கேப்பான். அதுக்கும் பதில் வச்சுக்கிடுங்க. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி கிளப்ல 2017-18 ஐ-லீக் ஆடினார். அங்க இருந்து ஜாம்ஷெட்பூர், 2019-ல கிங்ஸ் கோப்பைக்குப் போன இந்திய அணி. இப்படி ஐ-லீக்கையும், மாநில அணிகள் ஆடுற சந்தோஷ் டிராஃபியையும் உக்கார்ந்து பார்க்கிற கோச், இல்லைன்னா பார்த்துச் சொல்ற துணை கோச் இருந்தாத்தான் கரையில இருந்து அடுத்தவன் மேல வருவான். ஆகவே நேர்காணல்ல இதையும் கேக்கணும்: "ஐஎஸ்எல்ல ஆடாத 5 இந்திய பிளேயர் பேரும் அவங்க ஆடுற இடமும் சொல்லுங்க." மண்ணுல ஆடிப் பழகினவன் புல்லுல முதல் டச் எப்படி எடுப்பான்னு தெரிஞ்சவர் வந்தா இன்னும் நல்லது.


சின்னத்துறை ஸ்டாப்பர்:

எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டேன். ஒண்ணே ஒண்ணு பாக்கி. கூட்டத்துல பிள்ளைகளை ரெண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழு கோச்சா, ஒரு குழு தேர்வுக் குழுவா உக்கார வைக்கலாம்னு இருக்கேன். என்ன வேலை கொடுக்கலாம்?


முட்டம் கீப்பர்:

ரெண்டு ஆட்டம் கொடுங்க. 2019 ஜனவரி, ஆசியக் கோப்பை, ஷார்ஜாவுல பஹ்ரைனோட: தாய்லாந்தை 4-1 ஜெயிச்சுட்டு வந்த நம்ம அணிக்கு அன்னைக்கு டிரா போதும். 90 நிமிஷம் தாக்குப் பிடிச்சு கூடுதல் நேரத்துல எதிராளிக்கு பெனால்ட்டி, 0-1, நம்ம கோச் கான்ஸ்டன்டைன் அன்னைக்கே ராஜினாமா. 2025 ஜூன், ஹாங்காங்கோட: அதே கூடுதல் நேரம், அதே பெனால்ட்டி, அதே 0-1.

கோச் குழுவுக்கு 20 நிமிஷம் கொடுங்க, ஒரு வெள்ளைத் தாள், 11 புளியங்கொட்டை. ஆட்டம் 80-வது நிமிஷம், 0-0, டிரா போதும், மாத்த இன்னும் 2 பேர் பாக்கி, எதிராளி ரெண்டு பக்கமும் கிராஸ் போடுறான். யாரை எடுப்பே, யாரை இறக்குவே, பாக்ஸுக்குள்ள எத்தனை பேர், பாக்ஸ் விளிம்புல எத்தனை பேர், பால் கிடைச்சா எந்தப் பக்கம் அடிப்பே? தாள்ல கொட்டையை வச்சுக் காட்டணும். எல்லாரையும் பாக்ஸுக்குள்ள அடைச்சு வச்சா விளிம்புல விழுற ரெண்டாவது பாலுக்கு ஆள் இருக்காது. அதைத் தொரத்தி அவசரமா காலை விடும்போதுதான் ஃபவுல் வருது. தேர்வுக் குழு அந்த விளிம்புல கொட்டை இருக்கான்னு முதல்ல பார்க்கட்டும்.